மாரியின் தொப்பியில் பத்து மணிப் பூ

சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி,
18-8-91, ஞாயிறு.

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால்கூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. மஸ்கட் வெயிலில் நீயும் உன் அறைத் தோழிகளும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். முதலில் தந்தி விஷயம். நேற்று நான் அடித்த தந்தியைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று நினைத்திருப்பாய். உன்னைக் குறை சொல்ல முடியாது, நம் வீட்டுக்கு இதுவரை வந்த தந்தி எல்லாம் சாவுச் சேதிதான். யாருக்கும் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடாதே, விவரம் கடிதத்தில், அவ்வளவுதான் அதில் இருந்தது. தபாலாபீஸ் பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இன்னா சார், பொண்ணு அங்க ரிஜிஸ்தர் கல்யாணம் கட்டிக்கப் போவுதா, தடுக்கறீங்களா" என்று கேட்டாள். இல்லையம்மா, வேலை விஷயம் என்றேன். அவள் நம்பவில்லை. இந்நேரம் படப்பை வரைக்கும் உனக்குக் கல்யாணம் நின்றுபோயிருக்கும். போகட்டும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நீட்டிப்புத் தாளில் ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், இன்னும் இரண்டு வருஷம்தானே அப்பா, நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருங்கள் என்று ஜூலை முதல் வாரம் எழுதியிருந்தாய். அதற்கு நான் ஒரு வரி பதில் எழுதவில்லை. வரும் அக்டோபரில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிய பிள்ளை நீ. நீ போன நாலாம் மாதம் நான் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், அதனால்தான் உன் அக்டோபர் தள்ளிப் போகிறது என்பது எனக்குத் தெரியாதா? நிம்மதியாக இருங்கள் என்று நீ அன்பாகத்தான் எழுதினாய், ஆனால் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் குன்றத்தூர் மாமா, அவர் மகள் கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "மச்சானுக்கு இன்னா குறை, மஸ்கட்ல ஒரு மரம் நட்டுக்கிறாரு, இங்க உக்காந்துகினு உலுக்கறாரு" என்று சொன்னதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இப்போது சொல்லலாம். அந்தப் பந்தியில் பாதி இலையில் எழுந்தவன், இன்றுவரை அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை, இனியும் போவதாக இல்லை. ஆனால் அடுத்த வாரம் அம்மா போவாள், கையில் ஒரு செய்தியோடு போவாள். அது என்ன என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன மே மாதம் நீ அனுப்பிய பார்சலில் பால் பவுடர் டப்பாக்களைச் சுற்றி ஓர் ஆங்கிலச் சிறுவர் பத்திரிகைத் தாள் வந்தது, நீ கவனித்திருக்கமாட்டாய். ஒரு பொம்மை மனிதனை அட்டையில் வெட்டி மடித்து ஒட்டி, மேலே காகிதக் கூழ் பூசி, தலையில் செடி வைக்கும் தொட்டியாகச் செய்வது எப்படி என்று படம் போட்டிருந்தார்கள். நான் அதைப் பத்து நிமிஷம் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்து எங்கே சாய்கிறது, தோள் எங்கே சேர்கிறது என்று தெரியாத எவனோ வரைந்தது, வெட்டி ஒட்டினால் இரண்டு விரல் சந்து விழும். இருபத்திரண்டு வருஷம் நான் செய்த வேலையே இதுதானே, உருண்டையாக, கூம்பாக, வளைந்து நிற்கப் போகிற ஒரு சாமானை முதலில் தட்டையான தகட்டில் விரித்து வரைந்து கொடுப்பது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பாய், நான் தரையில் சாக்பீஸால் வட்டம் போடுவேன். அந்த வேலையை நான் மறந்துவிட்டதாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே பழைய காலண்டர் அட்டை நான்கை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

யாரைச் செய்வது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் பழைய கம்பெனி வாட்ச்மேன் மாரியை உனக்கு நினைவிருக்கும், கேட்டுக்குப் பக்கத்தில் முக்காலியில் தொப்பையும் மீசையுமாக உட்கார்ந்து, நீ என்னோடு வரும்போதெல்லாம் உனக்குக் கமர்கட் கொடுப்பானே, அவன்தான். நான் ராஜினாமா கொடுத்துவிட்டு வெளியே வந்த அன்று ஷாப்பில் ஒருவன் தலை நிமிரவில்லை. இருபத்திரண்டு வருஷம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள், எல்லாரும் அவரவர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டில் மாரி மட்டும் முக்காலியை விட்டு எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, ஜெனரல் மேனேஜருக்கு அடிப்பதுபோல ஒரு சல்யூட் அடித்தான். அதனால் முக்காலியில் உட்கார்ந்து சல்யூட் அடிக்கிற மாரி. ஒன்றரை அடி உயரம். தொப்பை ஒரு பீப்பாய், கால்கள் இரண்டு குழாய், தூக்கிய கை முழங்கையில் மடங்குகிற குழாய், கழுத்து மேலே வட்டமாகவும் கீழே தோளோடு சேரும் இடத்தில் சதுரமாகவும் மாறுகிற துண்டு. தொப்பியின் மேல்பக்கம் திறப்பு, அதில் மண், மண்ணில் செடி. முப்பத்தொரு துண்டுகள். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன, மூக்குக்குக் கீழே மட்டும் சேரவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய். தகடு வெட்டும்போது தகட்டின் கனத்துக்காக மடிப்பில் மூன்று மில்லிமீட்டர் கூட்டி வைப்போம், கை அந்தப் பழக்கத்தில் அட்டையிலும் கூட்டி வைத்துவிட்டது. அட்டைக்கு ஏது கனம்? கூடின இடமெல்லாம் முகத்தில் வந்து சேர்ந்து, மீசைக்குக் கீழே வாய் பிளந்துகொண்டது. பிரித்து மறுபடி வெட்டப் போனேன். அம்மா பார்த்துவிட்டு, "கை வெச்சீங்கன்னா கெட்டுப்போவும், விடுங்க, மாரி இப்பத்தான் சிரிக்கிறான்" என்றாள். விட்டுவிட்டேன். என் வேலையில் வந்த ஒரே பிழை அது, அதைத்தான் பிறகு எல்லாரும் புகழ்ந்தார்கள்.

அதன்மேல் பேப்பர் துண்டுகளை மைதாப் பசையில் தோய்த்து நாலு சுற்று ஒட்டி, வாசலில் கயிற்றுக்கட்டிலில் காய வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் ஆடு சல்யூட் அடித்த கையைத் தின்றுவிட்டுத் தொப்பியில் பாதிக்கு வந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கோவிந்தம்மா வந்து ஆட்டைத்தான் தடவிக் கொடுத்தாள், "ஐயோ, பெரிய கம்பெனிக்காரரு செஞ்சதுன்னு அதுக்கு இன்னா தெரியும், எலெக்சன் போஸ்டருன்னு நெனச்சிக்கிச்சி சார்" என்றாள். அந்த அம்மாளோடு நான் ஐந்து நாள் பேசவில்லை. ஆனால் அம்மா பேசினாள், பேசி ஒரு யோசனையும் வாங்கி வந்தாள். முறம், கூடைக்கு மெழுகுகிற மாதிரி காகிதத்தை ஊறப்போட்டு வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டிப் பூசினால் கசப்புக்கு ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது, பூச்சியும் வராது, காய்ந்தால் கல்லாக இறுகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்த தினசரிகள் எல்லாம் முதல் மாரியோடு தீர்ந்துபோயிருந்தன.

இனி வருவதைப் பொறுமையாகப் படி. என் இரும்புப் பெட்டியில் சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு இருந்தது உனக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைக்காக நான் மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட, ஷாப்பில் ஹாப்பர் என்போமே, அந்தப் பெரிய புனலின் வரைபடம், அதன் மூலையில் என் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதிய கண்ணப்பன், அதை வைத்து அவனுக்குக் கிடைத்த ஃபோர்மேன் பதவி, ஏன் என்று கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதினோரு மெமோ, ஒவ்வொன்றுக்கும் நான் எழுதின பதில், கடைசியாக என் ராஜினாமாவின் நகல், எல்லாம் அதில். என்றைக்காவது ஒரு நாள் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை காலையில் ஆட்டுக்கல் பக்கம் போனேன். சாம்பல் நிறத்தில் கூழ் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கில் "இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது" என்று தட்டெழுத்து. இது எந்தப் பேப்பர் என்று கேட்டேன். அம்மா குழவியை நிறுத்தவே இல்லை. "வருசத்துக்கு ரெண்டு தபா எடுத்துப் படிப்பீங்க, படிச்சிட்டு ரெண்டு நாளு சாப்புடாம கெடப்பீங்களே, அந்தப் பேப்பருதான். நல்லா ஊறிச்சி" என்றாள். நீ இருந்திருந்தால் எங்கள் நடுவில் நின்றிருப்பாய். நான் கத்திய கத்தலுக்கு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டு சத்தமாக வந்து சத்தமாகப் போயிற்று. மூன்றாம் நாள் அந்தக் கூழை விரலால் எடுத்துப் பார்த்தேன். தொழில் தெரிந்தவன் பொய் சொல்லக் கூடாது, தினசரித் தாளில் அந்த இழுவை வராது. கம்பெனி பாண்டு தாள், நல்ல நார். இரண்டாவது மாரியை, வாயில் அதே பிழையை வேண்டுமென்றே வைத்து, அட்டையில் வெட்டி ஒட்டி அதன்மேல் அரை விரல் கனத்துக்கு அதைப் பூசினேன். ஐந்து நாள் வெயில். விரலால் தட்டினால் டங் என்று சத்தம் வந்தது. உள்ளே மூன்று கை தார், வெளியே ரெட் ஆக்சைடு, அதன்மேல் காக்கி எனாமல், மீசைக்குக் கறுப்பு. கண்ணப்பன் முழுவதும் தொப்பையில் இருக்கிறான். ராஜினாமா நகல் சல்யூட் அடிக்கிற கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கடைசியாக ஆட்டியது அதுதான் என்று அம்மா சொன்னாள்.

தொப்பியில் பத்து மணிப் பூச்செடி வைத்தோம், டேபிள் ரோஸ் என்பாயே அது, சிவப்பும் மஞ்சளும். ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைகள் சங்கத்துக்காரர்கள் ஆகஸ்டு பதினைந்து அன்று பள்ளிக்கூட மைதானத்தில் தோட்டக் கண்காட்சி வைக்கிறார்கள், அலங்காரத் தொட்டிக்குத் தனிப் பரிசு, கம்பெனிகளும் வரலாம், ஊர்க்காரர்களும் வரலாம் என்று நோட்டீஸ் வந்தது. சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தேன். ஒரகடம் போகிற பாதையில் புதிதாக வரப்போகிற கம்பெனியின் மேனேஜர் ரத்தினம். ஆலைகளில் தூசி உறிஞ்சுகிற குழாய்களும் புனல்களும் செய்யப் போகிறவர்கள், அதாவது என் வேலை. அந்தக் கம்பெனிக்கு ஏப்ரலிலேயே நான் விண்ணப்பம் போட்டிருந்தேன், பதில் இல்லை. நாற்பத்தொன்பது வயதுக்காரன், முந்தைய கம்பெனியின் நற்சான்று இல்லாதவன், எவன் கூப்பிடுவான்? அம்மாவிடம் நான் இதை எல்லாம் சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்டு முப்பத்தொன்று என்ற தேதி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் மாரியின் கழுத்தை ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள், பூசை பார்க்காமல் அம்மா கிளம்பமாட்டாள். விடிகாலைப் பூசை முடிந்து, மாரியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர், "அந்த ஆளுக்கு டிக்கெட் யாரு எடுக்கறது" என்றார். மடியில் உட்கார்ந்து வருகிற பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்று அம்மா சட்டம் பேசினாள். வல்லக்கோட்டையில் முருகன் கோயில் கூட்டம் ஏறி நெருக்கியது, நான் இரண்டு முழங்கையையும் விரித்து மாரிக்கு வேலி கட்டிக்கொண்டு நின்றே போனேன். மைதான வாசலில் போலீஸ். மே மாதம் இந்த ஊரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நாலு பேர் கூடினாலே சோதனைதான், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். போர்வையை விலக்கியதும் கான்ஸ்டபிள் ஒரு அடி பின்னால் போய், "இன்னாய்யா இது, மண்டையில இன்னா பொதச்சிக்கினு வர்ற" என்று பென்சிலை மண்ணுக்குள் விட்டுக் கிளறினார். மூன்று தண்டு முறிந்தது. அம்மா, "மெதுவாங்க, அதுவும் உங்களாட்டம் காக்கிதான்" என்றாள், பக்கத்தில் நின்ற இன்னொரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார், உள்ளே விட்டார்கள்.

எங்கள் மேசைக்கு நேர் எதிரே யார் என்று நினைக்கிறாய்? பழைய கம்பெனி. துருப்பிடிக்காத எஃகில் ஆள் உயர மயில், அதன் முதுகில் ரோஜாச் செடி, ஆறு பேர் ஒரு மாதம் வேலை செய்திருக்கிறார்கள். பக்கத்தில் சஃபாரி சூட்டில் கண்ணப்பன். அந்த மயிலுக்குக் காவலாக அவர்கள் கூட்டி வந்திருந்தது யாரை? மாரியை! அவன் என் மேசையைப் பார்த்தான், தன் மீசையைத் தொட்டுப் பார்த்தான், பிறகு காகித மாரி எப்படிக் கையைத் தூக்கியிருக்கிறானோ அப்படியே ஒரு சல்யூட் அடித்தான். கண்ணப்பனும் வந்தான். "இன்னா அமிர்தம் சார், நல்லா கீறீங்களா? தகரத்தை வுட்டுட்டு பேப்பருக்கு வந்துட்டீங்களா? பாத்து சார், மழ கிழ வந்துச்சின்னா வாட்ச்மேன் கஞ்சியா பூடுவான்" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்று சொல்லியிருப்பேன், அம்மா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குச் சங்கத்துச் செயலாளர் மார்க் போட வந்தார். பத்து மணிப் பூவுக்குப் பெயரே பத்து மணிப் பூ, ஒன்பதுக்கு என்ன செய்யும்? எல்லா மொட்டும் இறுக மூடிக்கொண்டு, முறிந்த மூன்று தண்டும் தொங்கிக்கொண்டு, மாரி தலையில் கீரைக்கட்டு வைத்ததுபோல உட்கார்ந்திருந்தான். "செடி வாடிக்கினு கீதே பெரியவரே" என்று சொல்லிக்கொண்டே அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். ஒன்பதரைக்குச் சிறப்பு விருந்தினர் வருவார் என்று மைக்கில் சொன்னார்கள். வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு சிறப்பு விருந்தினர் நம் ஊர் வழக்கப்படி நேரம் தவறி வரவேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். ஒன்பதரை ஆயிற்று, வரவில்லை. தன் கம்பெனி மனையில் முதலில் கொடி ஏற்றிவிட்டு வருகிறாராம். ஒன்பதே முக்காலுக்கு ஒரு மொட்டு வாயைத் திறந்தது. பத்தேகாலுக்குத் தொப்பி முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். பத்தரைக்கு ஜீப் வந்தது. ஷெர்லின், அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த பூவை நீ பார்த்திருக்க வேண்டும்.

ரத்தினம் கோயம்புத்தூர்க்காரர், என் வயதுதான். மயிலைச் சுற்றி வந்தார், நன்றாக இருக்கிறது என்றார், தோகை முதுகோடு சேரும் இடத்தில் பட்டி பார்த்து மறைத்திருந்ததை விரலால் தடவினார். திரும்பியவர் மாரியைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து கழுத்தைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். "இது தகரமுங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கண்ணப்பன் முந்திக்கொண்டு, பேப்பர் சார், தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்றான். உடனே அம்மா, இத்தனை நேரம் என் சட்டையைப் பிடித்திருந்தவள், மேசையில் இருந்த சொம்பைத் தூக்கி, நாலு பேர் பார்க்க, மொத்தத் தண்ணீரையும் மாரியின் தொப்பியில் கவிழ்த்துவிட்டாள். எல்லாரும் காத்திருந்தோம். மாரி அசையவில்லை. அதிகத் தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை வைத்திருந்தேன், முக்காலிக்குக் கீழே மறைவாக இருக்கட்டும் என்று. அதன் வழியாகத் தண்ணீர் அளவாகச் சொட்டி முக்காலியடியில் தேங்கியது. கூட்டத்தில் எங்கிருந்தோ கோவிந்தம்மாவின் குரல், அவளும் வந்திருந்தாள் என்று அப்போதுதான் தெரியும், நிஜ மாரியைப் பார்த்து ஒன்று சொன்னாள். மைதானமே சிரித்தது, மாரி தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அவள் சொன்னதை நான் எழுதமாட்டேன், நேரில் வந்து அம்மாவிடம் கேட்டுக்கொள்.

ரத்தினம் சிரித்து முடித்துவிட்டு, "இதுக்கு விரிச்சு வரஞ்சது யாருங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பேட்டர்ன் இருக்குதுங்களா?" சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். மேசையில் விரித்து, கழுத்துத் துண்டின் ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துப் போனார். எங்கே வேலை பார்த்தீர்கள் என்றார். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அவர் திரும்பிக் கண்ணப்பனைப் பார்த்து, இவர் உங்கள் ஆளா, வேலை எப்படி என்று நேராகக் கேட்டுவிட்டார். மகளே, இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவன் சொல்லக்கூடிய பதில்களை எல்லாம் நான் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன், ஒவ்வொன்றுக்கும் மறுப்பும் எழுதி வைத்திருந்தேன். அவன் சொன்னது அதில் இல்லை. மயிலின் பட்டியைப் பார்த்தான், மாரியின் கழுத்தைப் பார்த்தான், "சார், சிமெண்ட் கம்பெனிக்கு நாங்க அனுப்பிச்ச அந்த ஹாப்பர் இவரு போட்டது. இப்பவும் இவரு வெட்டிக் குடுத்த டெம்ப்ளேட்டை வெச்சித்தான் எங்க ஷாப்ல வேலை ஓடுது. நம்மளால இந்தக் கழுத்து வராது சார்" என்றான். ஆறு பேர் கேட்டார்கள். அம்மா கேட்டாள். மாரி கேட்டான். சொல்லிவிட்டு அவன் அங்கே நிற்காமல் போய்விட்டான். நான் இன்னும் அவனை மன்னித்துவிடவில்லை, நீ அப்படி எண்ண வேண்டாம். அவன்மேல் உள்ள இருபத்திரண்டு வருஷக் கோபத்தில் ஒரு நாலு வருஷத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அந்த மெமோக்களில் ஒன்றாவது இருந்தால் எடுத்துப் படித்துக் கோபத்தைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்வேன், அதற்கும் வழியில்லாமல் உன் அம்மா ஆட்டிவிட்டாள்.

முதல் பரிசு மயிலுக்குத்தான். பெயரை முந்தின நாளே சான்றிதழில் எழுதி வைத்துவிட்டார்கள், எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் பூவாளி. அந்தச் செயலாளரை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் ரத்தினம் பூவாளியைக் கையில் கொடுக்கும்போது குனிந்து, "நாளைக்குக் காலையில சைட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றார். போனேன். நான் ஏப்ரலில் போட்ட விண்ணப்பம் அவர் மேசைக்கே வரவில்லையாம். வெறும் தளமும் நாலு தூணும்தான் இப்போது நிற்கிறது, ஒரு கொட்டகையில் வரைமேசை போட்டிருக்கிறார்கள். ஒரு சாய்ந்த புனலை விரித்துக் காட்டச் சொன்னார். ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன், இந்த முறை மூன்று மில்லிமீட்டரைக் கூட்டித்தான் வைத்தேன், தகடு அல்லவா. நேற்று சனிக்கிழமை காலையில் ஆள் வந்து உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போனான். செப்டம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை முதல் டெம்ப்ளேட் ஷாப் முழுவதும் என் பொறுப்பு, எனக்குக் கீழே நாலு பேர். கையில் உத்தரவோடு ஸ்ரீபெரும்புதூர் போய் ஐஎஸ்டி பூத்தில் உன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போட்டேன், எடுத்தவன் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவனுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தந்தி. மாரியைத் தன் வரவேற்பறைக்குக் கேட்டார் ரத்தினம். என் மகள் பார்க்கும்வரை தரமாட்டேன், வேண்டுமானால் உங்களுக்கு இன்னொன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் இப்போது நம் வாசலில்தான் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சல்யூட் அடிக்கிறான். ஆடு தினம் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போகிறது.

ஆகையால் ஷெர்லின், நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. அக்டோபரில் நீ வருவதாகச் சொன்ன தேதியில் வா. எனக்காக ஒரு நாள்கூட நீ அங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை, உனக்காக நிற்க ஆசை இருந்தால் அது வேறு விஷயம், அதை வந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம், வந்து பேசு. வெயிலில் வெளியே போகாதே, இரவு டூட்டி முடித்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் படுக்காதே. அம்மா உனக்குச் சுக்கு, மிளகு இடித்து வைத்திருக்கிறாள், இனிமேல் அனுப்புவதில்லை, நீயே வந்து எடுத்துக்கொள்.

இதோடு மாரியின் பேட்டர்னைச் சின்னதாக்கி மெல்லிய தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். பொழுது போகாவிட்டால் வெட்டி ஒட்டிப் பார். வாயோரத்தில் மூன்று மில்லிமீட்டர் கூட்டியே வெட்டு, அப்போதுதான் சிரிப்பான். வெந்தயம் அங்கேயும் கிடைக்கும். கூழுக்குத் தாள் இல்லையே என்று யோசிக்காதே, அந்த நீட்டிப்புத் தாள் நல்ல கெட்டியான தாளாகத்தான் இருக்கும், எனக்கு அந்த ஜாதித் தாளைத் தெரியும். சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போடு.

மாதாவின் பாதுகாவலும் அப்பா அம்மாவின் ஆசியும் உன் தலைமேல் எப்போதும் இருக்கட்டும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, மாரியைத் தூக்கிக்கொண்டு மீனம்பாக்கத்துக்கு வருகிறேன்.

உன் அப்பா,
ம. அமிர்தநாதன்,
பொறுப்பாளர், டெம்ப்ளேட் ஷாப் (2-9-91 முதல்).